.32 ரிவால்வர்: புதுசா, பழசா? கம்பம்மெட்டுக்கு இரண்டு பக்கமும் போய்வருகிறவருக்கு எது தோது?

ஏலக்காடு:

தேனி மாவட்ட லைசென்ஸ். அதில் ஏற்கெனவே 12 போர் இரட்டைக்குழல் ஒன்று ஏறியிருக்கிறது. இப்போது அதே லைசென்ஸில் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கவும் அனுமதி சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். வீடு கம்பத்தில், ஏலத்தோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், வண்டன்மேட்டுப் பக்கம். புற்றடி ஏலம், போடி ஏலம் இரண்டுக்கும் காய் போகிறது. சம்பள நாளில் பணத்தோடு கம்பம்மெட்டு ஏறவேண்டி வரும்.

என் முன்னால் இருப்பவை நாலு. ஒன்று, கான்பூர் .32 மார்க் 3 ரிவால்வர், புதிது. இரண்டு, பிரபல் ரிவால்வர், அதுவும் புதிது. மூன்று, அஷானி .32 பிஸ்டல். நாலாவது, கோட்டயத்தில் பெரியவர் ஒருவர் விற்க நினைக்கும் பழைய வெப்ளி அண்ட் ஸ்காட் .32. பர்மிங்ஹாமில் செய்தது, அதிகம் சுட்டதே இல்லை என்கிறார்கள்.

பெருமைக்கு வாங்கவில்லை. சாதாரணமான, தொந்தரவு தராத ஒன்று போதும். பழசைப் பார்க்கப் போனால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? மலையில் ஆனி ஆடி ஈரத்தில் துருவை எப்படித் தடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காட்டுப்பன்றித் தொல்லையும் உண்டு, அதற்கும் இது உதவுமா?

எல்லைப்புறம்:

துப்பாக்கியைப் பார்க்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள் அண்ணே. மூன்று இடம்.

முதலில் ஆயுத வகை. "ரிவால்வர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அஷானியை மறந்துவிடலாம். "ரிவால்வர் / பிஸ்டல்" என்றிருந்தால் இரண்டில் எதுவும் வாங்கலாம்.

அடுத்து, செல்லுபடியாகும் எல்லை. உங்களுக்கு இதுதான் உயிர்நாடி. "தமிழ்நாடு" என்று மட்டும் இருந்தால் கம்பம்மெட்டு செக்போஸ்ட்டோடு உங்கள் லைசென்ஸ் முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் பத்தடி போனாலும் அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்தான். தோட்டம் கேரளாவில் இருக்கிறது என்பதற்குப் பட்டா நகல், ஏலக்காய்ப் பதிவு, ஏலச் சீட்டு எல்லாம் இணைத்து, எல்லையை விரித்துத் தரச் சொல்லி கலெக்டர் ஆபீஸில் மனுப் போடுங்கள். அது கையில் வந்த பிறகு துப்பாக்கி வாங்கினால் போதும். 12 போரை இவ்வளவு நாளும் மலைக்குக் கொண்டுபோய் வந்திருந்தால் அதற்கும் இதே கேள்விதான்.

மூன்றாவது, தோட்டா அளவு. ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண் இருக்கும். எந்த மாடல் என்ற கேள்விக்கு இந்த எண்ணில்தான் பாதி பதில் இருக்கிறது. அதைக் கீழே யாராவது விளக்குவார்கள்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது. 12 போரையும் சேர்த்தால் உங்கள் கணக்கு இத்தோடு முடிகிறது. பிடிக்கவில்லை, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி கிடையாது. கையில் இருப்பதை விற்றாக வேண்டும்.

பழசை நேரடியாக வாங்குவது என்றால் ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள். விற்கிறவர், யாருக்கு விற்கப் போகிறார் என்று பெயர் முகவரியோடு அவருடைய மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 45 நாள் கழியாமல் கைமாற்றக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம், வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் வழக்கில் முடியும். கோட்டயத்திலிருந்து கம்பம் வரை அதை எடுத்துவர உங்கள் லைசென்ஸ் எல்லையில் கேரளாவும் இருக்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் என்பதால், அவர் அங்கேயே லைசென்ஸ் பெற்ற டீலரிடம் ஒப்படைத்து, நீங்கள் டீலர் பில்லோடு வாங்குவது சுத்தமான வழி. கொஞ்சம் கமிஷன் போகும், போகட்டும்.

பெரியவர் உயிரோடு இருந்து அவர் பெயரிலேயே லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் காலமாகி மகன் விற்கிறார் என்றால் கதை வேறு. அப்போது அந்த ஆயுதம் 21ஆம் பிரிவுப்படி ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒப்படைத்த ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் வீட்டுப் பீரோவில் இருக்கிறது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சுத்தியல்32:

வகைக்கு வருகிறேன். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் கடையிலேயே இது நடக்கிறது. ".32" என்று எழுதியதெல்லாம் ஒன்றல்ல. ரிவால்வருக்குப் போவது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். அடியில் விளிம்பு உள்ளது, கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) நீளம் 23 மி.மீ. சுமார். பிஸ்டலுக்குப் போவது .32 ஏ.சி.பி., அதாவது 7.65 மி.மீ. பிரவுனிங். கேஸ் 17 மி.மீ.தான். பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறையில்) நுழைந்து நிற்கும், சுடவும் செய்யும். செய்யக் கூடாது. அதன் விளிம்பு சிறியது, அழுத்தமும் வேறு. பில்லில் "லாங்" என்று எழுதி வாங்குங்கள்.

வெப்ளியைப் பார்க்கும்போதும் இதை உறுதி செய்யுங்கள். ரொம்பப் பழைய .32களில் சில, லாங்குக்கு முந்தைய குட்டை .32 தோட்டாவுக்குச் செய்தவை. லாங் தோட்டா அதில் முழுசாக உட்காராது. உட்காரவைக்க சேம்பரைக் கடைசல் போட்டு நீட்டிய துப்பாக்கிகளும் சந்தையில் சுற்றுகின்றன. அதைத் தொடவே வேண்டாம்.

மார்க் 3: வெப்ளி மார்க் 4 வழியில் வந்தது. மேலே தாழ்ப்பாளைத் தள்ளினால் பேரல் (குழல்) முன்பக்கம் மடியும், ஆறு காலி கேஸும் ஒரே தள்ளலில் வெளியே வரும். குழல் 76 மி.மீ., எடை 700 கிராம் அளவில். பழகுவது சுலபம். நாடு முழுக்க ஓடுவதால் பழுது பார்க்கத் தெரிந்தவரும் கிடைப்பார். குறை என்றால் டிரிகர் கனம். டபுள் ஆக்ஷனில், அதாவது சுத்தியையும் டிரிகரே ஏற்றும்படி இழுத்தால், விரல் நடுங்கும், குறி விலகும். சுத்தியைக் கட்டைவிரலால் ஏற்றிவிட்டுச் சுட்டால் இந்தத் தொல்லை குறையும். ஸ்பிரிங்கை வெட்டி லேசாக்கித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். அப்புறம் கேப் (தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மூடி) மேல் அடி சரியாக விழாது, தேவைப்படும் நேரத்தில் 'டிக்' என்ற சத்தம்தான் மிஞ்சும்.

பிரபல்: 2023இல் கான்பூர் அரசு நிறுவனமான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் வெளியிட்டது. இதில் பேரல் மடியாது, சிலிண்டர் (ஆறு சேம்பரும் உள்ள உருளை) பக்கவாட்டில் வெளியே திறக்கும். சட்டகம் (துப்பாக்கியின் உடல், ஃபிரேம்) ஒரே துண்டாக இருப்பதால் வருஷக்கணக்கில் ஆட்டம் விழுவது குறைவு. மடக்கு ரிவால்வரில் கீல் ஆணியும் தாழ்ப்பாளும்தான் முதலில் தேயும் இடம், அது இரண்டும் இதில் இல்லை. ஒரே எச்சரிக்கை: சினிமாவில் மாதிரி மணிக்கட்டை உதறி சிலிண்டரை மூடக் கூடாது. சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கை வளைந்துவிடும், பிறகு சேம்பரும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. 50 மீட்டர் தூரம் பாயும் என்று சொல்லி விற்கிறார்கள். குழல் நீளம் அதே 76 மி.மீ.தான், அதில் ஒழுங்காகக் குறி வைக்கக் கூடியது பத்துப் பதினைந்து மீட்டர். விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், சட்டகத்தின் அமைப்பைப் பார்த்து எடுங்கள்.

2014இல் வந்த நிர்பீக்கையும் சிலர் சொல்வார்கள். டைட்டானியக் கலவை, எடை அரைக்கிலோ. துருத் தொல்லை குறைவு என்பது நிஜம். ஆனால் கனம் குறைந்தால் உதை கூடும். விலையும் அதிகம்.

அஷானி: ஈசாப்பூர்த் தொழிற்சாலையின் பிஸ்டல். மேகஸினில் (தோட்டா அடுக்கும் பெட்டியில்) 8. தட்டையாக இருப்பதால் இடுப்பில் உறுத்தாது. ஆனால் நீங்கள் கேட்டது தொந்தரவில்லாதது. எந்தப் பிஸ்டலையும் நம்புவதற்கு முன் அதே தோட்டாவை நூற்றுக்கணக்கில் சுட்டுப் பார்க்க வேண்டும். மேகஸின் உதடு, ஸ்பிரிங், தோட்டாவின் மூக்கு, பிடிக்கிற மணிக்கட்டின் இறுக்கம் இத்தனையும் ஒத்துவந்தால்தான் அடுத்த தோட்டா சீராக ஏறும். உங்கள் லைசென்ஸில் வருஷத்துக்கு இருக்கும் அளவில் அந்தச் சோதனைக்கே இடமில்லை. எல்லைப்புறம் சொன்ன எண்ணின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ரிவால்வரில் ஒரு கேப் வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை இழுத்தால் அடுத்த சேம்பர் வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை (பின்னே நகரும் மேல்பாகத்தை) இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். குறைவாகச் சுடுகிறவருக்கு, பன்னிரண்டு தோட்டாவில் சோதித்து முடிக்கக் கூடிய துப்பாக்கிதான் சரி.

ஆகவே என் ஓட்டு பிரபலுக்கு. பட்ஜெட் இடித்தால் மார்க் 3.

விலையில் ஒன்றைக் கணக்கில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கு ஜி.எஸ்.டி. 28இல் இருந்து 40 சதவீதமாகிவிட்டது. பழைய விலைப்பட்டியலைப் பார்த்துப் பணத்தோடு போய் நிற்காதீர்கள். பழசு விற்கிறவர்கள் விலையை ஏற்றிக் கேட்பதற்கும் இது ஒரு காரணம்.

கூடலூரான்:

பன்றி கேள்விக்கு மட்டும் பதில். உதவாது. .32 லாங் குண்டின் ஆற்றல் 200 ஜூலுக்குக் கீழேதான் நிற்கும். 12 போரில் அது 2,000க்கு மேலே. தோள் தசையும் கொழுப்பும் மூடிய ஆண் பன்றி மேல் .32 பட்டால் அது சாகாது, காயத்தோடு ஏலச்செடிக்குள் புகுந்து நிற்கும். மறுநாள் காலை களை எடுக்கப் போகும் பெண்களுக்குத்தான் ஆபத்து.

சட்டமும் அப்படித்தான். கேரளாவில் 2022 முதல் தொல்லை தரும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களிடம் தரப்பட்டிருக்கிறது. அந்த உத்தரவு பெற்ற லைசென்ஸ்தாரர்தான் சுடலாம். நம் தோட்டம், நம் துப்பாக்கி என்று தானாகச் சுட்டால் வனத்துறை வழக்கு. கூடவே இன்னொன்று: வனவிலங்குச் சட்டம் 31ஆம் பிரிவுப்படி முன் அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையவே கூடாது. விருந்தாளிகளைத் தேக்கடிக்கோ மேகமலைக்கோ கூட்டிப்போகும் நாளில் அதை வீட்டிலேயே பூட்டி வையுங்கள். லைசென்ஸ் இருக்கிறது என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பழுதுபட்டறை:

வெப்ளியை ஒதுக்கிவிட வேண்டாம், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 80களின் நடுவில் இறக்குமதி நின்ற பிறகு வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிகளின் எண்ணிக்கை கூடவில்லை, அதனால்தான் தேய்ந்ததற்கும் பெரிய விலை சொல்கிறார்கள். பெயருக்கு விலை கொடுக்காமல் இரும்புக்கு விலை கொடுங்கள். வெப்ளி பெயரிலேயே இப்போது உத்தரப் பிரதேசம் சண்டிலாவிலும் .32 செய்கிறார்கள். பர்மிங்ஹாம் முத்திரை எங்கே, எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: மெக்கானிக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ் ஒரு செட், பென் டார்ச், வெள்ளைக் காகிதத் துண்டு, பருத்தித் துணி, .32 லாங் அளவுக்கு ஸ்னாப் கேப் ஆறு. ஸ்னாப் கேப் என்பது மருந்தில்லாத போலித் தோட்டா. பழைய வெப்ளியைக் காலியாக 'டக் டக்' என்று அடித்துப் பார்த்தால் சுத்தியில் இருக்கும் ஊசி ஒடியும். உதிரி கிடைப்பது குதிரைக்கொம்பு.

திறந்து ஆறு சேம்பரும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

*எண்.* சட்டகத்தில் உள்ள எண் லைசென்ஸில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பேரல், சிலிண்டரில் எண் இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். எழுத்து மங்கி, ஓரங்கள் உருண்டு, திருகாணி ஓட்டையின் விளிம்பு குழிந்து காணப்பட்டால் பாலிஷ் போட்டு மறுபடி நீலம் (இரும்பின் மேல் துருத் தடுக்கும் நிறம்) ஏற்றியிருக்கிறார்கள். நீலத்துக்கு அடியில் அம்மைத்தழும்பு மாதிரி குழி தெரிகிறதா பாருங்கள். அந்தக் குழி வெளிப்புறத்தில் இருந்தால் அழகுக் குறை. சேம்பர் சுவரில் இருந்தால் ஆபத்து.

*கீலும் தாழ்ப்பாளும்.* மூடி, ஒரு கையில் பேரல், மறு கையில் கைப்பிடி. மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டம் தெரிந்தால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது, அதற்குப் பருத்த ஆணி போட்டுச் சரிசெய்யலாம். மேலும் கீழும் ஆடினால் தாழ்ப்பாள் தேய்ந்திருக்கிறது. சுடும்போது அது திறந்துகொள்ள வழியுண்டு. அப்படி இருந்தால் பேரம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

*இடைவெளி.* சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள். 0.15 முதல் 0.25 மி.மீ. வரை நல்லது. 0.30 தாண்டினால் வாயுவும் ஈயத் தூளும் பக்கவாட்டில் தெறிக்கும். ஒரு சேம்பரில் 0.15, எதிர்ச் சேம்பரில் 0.30 என்று வந்தால் சிலிண்டர் அச்சு வளைந்திருக்கிறது. சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பின்னுக்குத் தள்ளிய நிலையில் ஒரு முறை, முன்னுக்கு இழுத்த நிலையில் ஒரு முறை அளக்க வேண்டும்.

*நேரம்.* இதுதான் பெரிய சோதனை. ஸ்னாப் கேப் போட்டு, சிலிண்டர் மேல் ஒரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, சுத்தியை மெள்ள மெள்ளப் பின்னால் இழுங்கள். சுத்தி ஏறி நிற்கும் முன்பே, அல்லது அதே கணத்தில், பூட்டும் பல் சிலிண்டர் பள்ளத்தில் விழ வேண்டும். சுத்தி ஏறி நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் தள்ளித்தான் பூட்ட வேண்டியிருந்தால், சிலிண்டரைத் திருப்பும் நாக்கு தேய்ந்திருக்கிறது. ஆறு சேம்பருக்கும் தனித்தனியே பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறும் துப்பாக்கிகள் நிறைய. வேகமாக இழுத்தால் சிலிண்டரின் சொந்த வேகத்திலேயே பல் விழுந்துவிடும், குறை மறைந்துபோகும். விற்கிறவர் வேகமாக இழுத்துக் காட்டுவார்.

பிறகு, சுத்தியைக் கட்டைவிரலால் பிடித்து மெதுவாக இறக்கி, டிரிகரை விடாமல் பின்னாலேயே பிடித்தபடி சிலிண்டரைத் திருகிப் பாருங்கள். தோட்டா வெடிக்கும் கணத்தில் இருக்கும் நிலை இதுதான். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிந்தால் கூடாது. டிரிகரை விட்ட நிலையில் வெப்ளி சிலிண்டர் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.

*சுத்தி.* ஏற்றி நிறுத்திய சுத்தியைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். விழுந்தால் டிரிகர் முனையை யாரோ அரம் போட்டிருக்கிறார்கள். டிரிகரை விட்ட நிலையில் சுத்தி சற்றுப் பின்வாங்கி, ஊசி வெளியே நீட்டாமல் இருக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருந்தால் கீழே விழுந்தாலே வெடிக்கும்.

*குழல்.* மடக்கு ரிவால்வரில் இது சுலபம். திறந்து, பின்பக்கம் வெள்ளைக் காகிதத்தை வைத்து, முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். குழலுக்குள் ஓடும் முறுக்கு வரிகளின் ஓரம் கூராக இருக்க வேண்டும். புள்ளிப் புள்ளியாகக் கருமை என்றால் கேப் எரிந்து துருவேற்றும் உப்பை விடும் பழைய வகைத் தோட்டா சுட்டுவிட்டு சுத்தம் செய்யாமல் வைத்தது. லேசான புள்ளியோடு அது இன்னும் நூறு வருஷம் சுடும். குழலுக்குள் மோதிரம் மாதிரி ஒரு நிழல் வட்டம் தெரிந்தால், ஒரு குண்டு சிக்கி நிற்க அடுத்ததைச் சுட்டு உள்ளே வீங்கியிருக்கிறது. அது தேறாது. குழலின் பின்வாய்க் கூம்பில் தலைமுடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்பதையும் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈயம் படிந்திருந்தால் விரிசலை அது மூடிவிடும்.

இத்தனையும் தேறினால், டீலர் மூலம் முறைப்படி ரேஞ்சில் சேம்பருக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு சுட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். காலி கேஸ்களைச் சேம்பர் வாரியாக வரிசையில் வைத்துப் பாருங்கள். கேப் மேல் ஊசிக் குழி நடுவில் இருக்க வேண்டும். ஒரே சேம்பரில் மட்டும் ஓரமாக விழுந்திருந்தால் நேரக் கோளாறு. கேஸ் ஒரு பக்கம் உப்பியிருந்தாலோ, தட்டி எடுக்க வேண்டியிருந்தாலோ சேம்பரில் குறை.

"அதிகம் சுட்டதில்லை" என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை. சுடாமல் கெட்ட துப்பாக்கிகள்தான் நம் பக்கம் அதிகம். தோல் உறைக்குள்ளேயே நாற்பது வருஷம் தூங்கியிருக்கும்.

மேட்டுவிளக்கு:

அந்தத் தோல் உறையில் இருந்தே தொடங்குகிறேன். தோல் பதனிடும் உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் பிடித்து வைக்கும். உறை இடுப்பில் அணிய மட்டும். வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை வெளியே எடுத்துவிட வேண்டும். தோட்டா வார்ப்பட்டையும் அப்படியே. பித்தளை மேல் பச்சைக் களிம்பு ஏறி, கேஸ் சேம்பரில் ஒட்டிக்கொள்ளும். களிம்பு ஏறிய தோட்டாவைத் தேய்த்துப் பயன்படுத்தாதீர்கள். டீலரிடம் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நம் பக்கம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் தடவுகிறார்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், வண்டன்மேட்டில் ராத்திரி அதற்கும் கீழே போகும். உறைந்த எண்ணெய் சுத்தியின் வேகத்தைக் குறைத்து அடியைப் பலவீனமாக்கும். நாளாக ஆக பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்குப் பரவாயில்லை, சீக்கிரம் வற்றிவிடும். துப்பாக்கி எண்ணெய் என்று விற்பதை வாங்கி, வெளிப்புறத்தில் துணியால் மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும். கேப் பக்கம் ஊறும்படி ஊற்றினால் எண்ணெய் உள்ளே போய்த் தோட்டா வெடிக்காமல் போகும். சேம்பர் உலர்ந்திருக்க வேண்டும்.

ஆனி முதல் புரட்டாசி வரை வாரம் ஒரு தடவை துடையுங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒரு தடவை போதும். கைரேகை பட்ட இடத்தில்தான் துரு முதலில் பூக்கும், வியர்வை உப்பு காரணம். சிலிக்கா ஜெல் அரைக்கிலோ துணிப்பையில் கட்டி இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். நீல மணி வெளிறி இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி வைக்கலாம், அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பஞ்சு மெத்தை வைத்த பெட்டியில் நீண்ட நாள் வைக்க வேண்டாம். ஸ்பாஞ்ச் தோலைவிட மோசம்.

மலையிலிருந்து இறங்கும்போது ஒரு விஷயம். குளிர்ந்த துப்பாக்கியைக் கம்பத்து வெயிலில் உடனே வெளியே எடுத்தால் அதன் மேல் நீர் பூக்கும். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைத் துடைத்துவிடுவீர்கள், சட்டகத்துக்குள் ஸ்பிரிங் மேல் பூத்தது அப்படியே நிற்கும். மூடிய பெட்டியோடு ஒரு மணி நேரம் விட்டு, பெட்டி தொட்டால் சில்லென்று இல்லாத பிறகு திறங்கள்.

தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் நன்றாக எண்ணெய் தேய்த்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். மாதக்கணக்கில் யாரும் தொடமாட்டார்கள். ரசீதில் எண்ணோடு "துரு இல்லை" என்றும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஏலக்காடு:

எல்லாருக்கும் நன்றி. லைசென்ஸ் எல்லையில் தமிழ்நாடு மட்டும்தான் இருக்கிறது, விரிவாக்க மனுப் போட்டுவிட்டேன். வெப்ளியை டீலர் கடையில் வைத்துப் பார்த்தாயிற்று. பெரியவர் லைசென்ஸ் நடப்பில் உள்ளது. எண் ஒத்துப்போகிறது. கீலில் ஆட்டமில்லை. இடைவெளி ஐந்து சேம்பரில் 0.20, ஒன்றில் 0.23. குழலில் லேசான புள்ளி. ஆனால் மெதுவாக இழுக்கும்போது இரண்டு சேம்பரில் பல் விழவில்லை, விரலால் தள்ள வேண்டியிருக்கிறது. கேட்கும் விலை புது மார்க் 3ஐ விட ஒன்றரை மடங்கு. நாக்கை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும், நாலு நாள் வேலை என்கிறார் டீலர்.

தோட்டத்தில் கணக்குப்பிள்ளை பொறுப்பில் விட்டு வரலாமா என்றும் தெரிய வேண்டும்.

பழுதுபட்டறை:

இரண்டு சேம்பர் மட்டும் தவறுகிறது என்றால் கோளாறு நாக்கில் மட்டுமில்லை. நாக்கு தேய்ந்தால் பெரும்பாலும் ஆறும் தவறும். காலி கேஸை வெளியே தள்ளும் அந்த நட்சத்திரத் துண்டின் பற்களில் இரண்டு தேய்ந்திருக்கும். நீளமான புது நாக்கு போட்டு அந்த இரண்டைச் சரிசெய்தால் மீதி நாலில் சிலிண்டர் முன்கூட்டியே பூட்டி டிரிகர் இறுகும். நட்சத்திரத்தை மாற்ற வேண்டும், அல்லது அந்த இரண்டு பல்லில் உலோகம் ஏற்றி அரம் பிடிக்க வேண்டும். முதலாவதற்கு உதிரி இல்லை. இரண்டாவதற்கு நல்ல கை வேண்டும், அது நாலு நாள் வேலை இல்லை.

மார்க் 3 விலையில் பாதிக்குக் கொடுத்தால், லைசென்ஸ் பெற்ற கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) எழுதிக் கொடுக்கும் உத்தரவாதத்தோடு யோசிக்கலாம். ஒன்றரை மடங்குக்கு வேண்டாம்.

சுத்தியல்32:

அதே கருத்து. புதுசு வாங்கும்போதும் பட்டறைக்காரர் சொன்ன 'நேரம்', 'இடைவெளி' சோதனை இரண்டையும் கடையிலேயே செய்யுங்கள். புதுசு என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்று இல்லை. கடையில் நாலைந்து இருந்தால் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்து, இருப்பதில் சீரானதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் துப்பாக்கி எண்ணும் பில்லும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எல்லைப்புறம்:

கணக்குப்பிள்ளையிடம் விடக் கூடாது. லைசென்ஸ் உங்கள் பெயருக்கு. நீங்கள் இல்லாத இடத்தில் அது அவர் கையில் இருந்தால் அவர் மேலும் வழக்கு, உங்கள் மேலும் வழக்கு. பூட்டிய பெட்டிக்குள் வைத்துச் சாவியை அவரிடம் கொடுத்தாலும் அதே கதைதான். கம்பத்துக்கு இறங்கினால் அதுவும் உங்களோடு இறங்க வேண்டும்.

வாங்கியதும் துப்பாக்கியையும் பில்லையும் கலெக்டர் ஆபீஸ் ஆயுதப் பிரிவில் காட்டி எண்ணை லைசென்ஸில் ஏற்றுங்கள். வாங்குவதற்கு லைசென்ஸில் கெடு தேதி போட்டிருப்பார்கள். எல்லை விரிவாக்கம் இழுத்துக்கொண்டு போனால் அந்தத் தேதி தாண்டும் முன்பே நீட்டிப்புக்கும் ஒரு மனுப் போட்டுவிடுங்கள்.